உச்சியில் தயங்கிய வாளி

“தண்ணி நிறைஞ்ச வாளியைத் தலைக்கு மேல சுத்துவேன். ஒரு சொட்டு விழாது.”

“அடேயப்பா! எங்க, சுத்துங்க பாப்போம்.”

“முதல்ல தத்துவம் புரியணும்மா.”

கல்யாணம் நிச்சயமான அன்று பேசிய பேச்சு. பன்னிரண்டு வருஷமாகியும் அவளுக்கு மறக்கவில்லை. அவர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். அவள் அதே துறையில் ஆய்வக உதவியாளர். ஒவ்வொரு கண்காட்சியிலும் அவர் வாளியைச் சுற்றுவார், அவள் தரையைத் துடைப்பாள். முதல் வருஷம் வாளி கனம் என்றார். மறுவருஷம் மின்விசிறிக் காற்று.

குற்றவாளி வாளியுமல்ல, காற்றுமல்ல, அவர் வாய்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆளில்லாத மதியங்களில் ஆய்வகத்தின் பின்பக்கம் அதே வாளியை அவள் எத்தனையோ முறை சுற்றியிருக்கிறாள். புடவை நுனிகூட நனைந்ததில்லை. கை பழகிவிட்டது, ‘நான் சுத்தறேன்’ என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் புருஷனை மட்டம் தட்டியதாக ஆகிவிடுமே!

இந்த வருஷம் பிரின்சிபால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “சிந்தினா இதோட சரி சார். அடுத்த தடவை வீடியோ போட்டுக்கலாம்.” சொன்னவர் முன்வரிசையில் விரித்த குடையோடு உட்கார்ந்திருந்தார்.

வாளி சுழன்றது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. ஒரு சொட்டு விழவில்லை. கூட்டம் கைதட்டியது. அதுதான் வினையாகப் போயிற்று. கைதட்டல் கேட்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“கவனிங்க! உச்சியில வேகம் போதுமானதா இருந்தா, புவியீர்ப்பு தண்ணியை வாளியோட சேர்த்து வளைக்கிற வேலையைத்தான் பாக்கும். அதுதான் அங்க மையநோக்கு விசை. ஆனா உச்சியில வேகம் குறைஞ்சா...”

உச்சி என்றதும், எங்கே என்று காட்டுவதற்காகக் கை உச்சியிலேயே தயங்கியது. வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரின்சிபால் குடையை மடக்கினார். “விளக்கம் போன வருஷத்தைவிடத் தெளிவு சார். வீடியோவுக்குச் சொல்லிடறேன்.”

“வாளியோட பிடி சரியில்ல சார்,” என்றபடி, கண்ணாடியில் தண்ணீர் வழிய, பேராசிரியர் மனைவியைத் தேடினார். “அந்தத் துடைப்பத்தை எடுத்துட்டு வாம்மா.”

அவள் எடுத்து வந்தாள். தரையில் வைக்காமல் அவர் கையில் கொடுத்தாள். குழாயடிக்குப் போய் வாளியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். பிரின்சிபால் மறுபடி குடையை விரித்தார்.

“ஏங்க,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “நீங்க நிறுத்தாம பேசுங்க. இந்த ஒரு தடவை வாளியை நான் சுத்தறேன், விடுங்க.”