ஃபியூஸுக்குப் பதில் சுற்றிய கம்பி

ஜீப்பின் முன்மூடியைத் தூக்கியதுமே கருகிய ஒயரின் நாற்றம் அர்ச்சுனன் மூக்கில் ஏறியது. புதூர்நாட்டு மலையில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் அவன் ஒருவன்தான். எந்த வண்டியில் என்ன கோளாறு என்று அவன் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்காகத்தான் இன்றைக்கும் கூப்பிட்டிருந்தார்கள்.

வண்டியின் சொந்தக்காரர் கோபால்சாமி ஒரு பக்கம் நின்றார். அவரிடம் ஐந்து வருடமாக ஜீப் ஓட்டும் ராஜாக்கண்ணு எதிர்ப்பக்கம் நின்றான். போன வாரம் பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு மலையேறும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த முனியம்மா பயந்துபோய்க் குதித்துக் காலை முறித்துக்கொண்டாள்.

"என்னக் கேக்காம புது ஹாரன் மாட்னான். அதான் வெந்து கீது" என்றார் கோபால்சாமி.

"அர்ச்சுனண்ணன் பாத்து சொல்லட்டுங்க. ஹாரன்தான்னு அவரு சொன்னா, சாவியக் குடுத்துட்டு போய்ட்றேன். முனியம்மா அத்த கால்லயும் வுழுந்துட்டுப் போறேன்."

வண்டியை எரித்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால் மலையில் வேறு எந்த ஜீப்பையும் ராஜாக்கண்ணுவிடம் ஓட்டக் கொடுக்கமாட்டார்கள். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதெல்லாம் அர்ச்சுனனுக்குத் தெரியாததல்ல.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, முன்விளக்கிலிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தான். ரேடியேட்டர் ஓரத்தில் அது தகட்டில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. ஷார்ட் ஆனது அங்கேதான். பழைய வண்டி, குலுக்குகிற ரோடு. அது யார் குற்றமும் இல்லை. ஹாரன் ஒயர், பாவம், பக்கத்தில் போனதால் சேர்ந்து வெந்திருந்தது. ஆனால் ஷார்ட் ஆன நொடியிலேயே ஃபியூஸ் போய், விளக்கு அணைந்து, அதோடு முடிந்திருக்க வேண்டும். ஏன் போகவில்லை? ஃபியூஸ் பெட்டியைத் திறக்கும் முன்பே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

மாசி மாதம் புளி மூட்டைகளோடு வந்த இந்த ஜீப் இருட்டில் விளக்கு அணைந்து நின்றுபோனபோது அவன்தான் பார்த்தான். ஃபியூஸ் போயிருந்தது. மாற்ற வேறு ஃபியூஸ் இல்லை. கீழே திருப்பத்தூர் போனால்தான் கிடைக்கும். செம்புக் கம்பியில் மூன்று இழை பிரித்து அந்த இடத்தில் சுற்றிவிட்டான். ஷார்ட் ஆனாலும் அது ஃபியூஸ் போல அறுந்துபோகாது. ஃபியூஸ் எதனால் போனது என்று ஐந்து நிமிடம் தேடியிருந்தால் அன்றைக்கே அந்த உரசல் தெரிந்திருக்கும். தேடவில்லை. அடுத்த முறை கீழே போகும்போது வாங்கி வருவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு எட்டு முறை கீழே போனான். பிரியாணி வாங்கி வந்தான், செல்போனுக்கு உறை வாங்கி வந்தான். ஃபியூஸ் மட்டும் வாங்கவில்லை. மலையில் ஓடும் ஒன்பது ஜீப்புகளில் ஆறில் இன்றும் அவன் சுற்றிய கம்பிதான்.

பெட்டியைத் திறந்தான். கறுத்துப்போன அந்த மூன்று இழைகள் அப்படியே இருந்தன. முதுகால் மறைத்துக்கொண்டு பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"இன்னா அர்ச்சுனா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஹாரன் லைன் வெந்து கீதுங்க."

அது வெந்துதானே இருந்தது, பொய் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான், அயோக்கியன்.

ராஜாக்கண்ணு சண்டை போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் போடவில்லை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் டேப்ப ஒழுங்கா சுத்தலியோ இன்னாவோ" என்று சாவியைக் கோபால்சாமி கையில் கொடுத்துவிட்டு முனியம்மா வீட்டுப் பக்கம் நடந்தான்.

அர்ச்சுனன் கருவிகளைப் பையில் எடுத்துப் போட்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

முனியம்மா வீட்டுக்குள் போனபோது ராஜாக்கண்ணு அவள் கட்டில் முன் தரையில் விழுந்து கிடந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை முனியம்மாவால் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. "எந்திரிப்பா, எந்திரி" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"அவன் இல்ல அத்த, நாந்தான்." அர்ச்சுனன் கம்பியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான். "ஃபியூஸ் போட வேண்டிய எடத்துல இத சுத்தி வுட்டுட்டேன். அங்க சொல்ல பயந்துட்டேன்."

ராஜாக்கண்ணு எழுந்தான். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"வா, கோபால்சாமி கிட்ட நானே சொல்றேன். சாவிய வாங்கித் தர்றேன்" என்றான் அர்ச்சுனன்.

"சாவி கெடக்கட்டும்ண்ணா. என்னாலதான் அத்த கால் போச்சுன்னு வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தேன். நீங்க சொன்னீங்கன்னுதானே நம்புனேன்?"