மன்சூர் என்ற பானம்

சிவப்ரியா அந்தப் பானத்தைக் கண்டுபிடித்த அன்று, எதையும் கண்டுபிடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஜின்னோடு கலக்கும் டானிக் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

காரைக்கால் கடற்கரைச் சாலையில் பஞ்சநாதன் புதிதாகக் கட்டியிருந்த ஓட்டலில் பாருக்கு அவள்தான் பொறுப்பு. சொந்த ஊர் சுரக்குடி. பெங்களூரிலும் கோவாவிலும் பல வருடம் காக்டெய்ல் கலந்துகொண்டிருந்தவள், அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபின் ஊரோடு வந்துவிட்டாள். விசாரிக்கிறவர்களிடம் அப்பா தெட்சிணாமூர்த்தி, "ஓட்டல்ல மேனேஜரு" என்று சொல்லிவைத்திருந்தார். அவள் அதைத் திருத்தப் போகவில்லை.

அந்த ஊரில் காக்டெய்ல் விற்பது லேசான வேலை இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, குடும்பத்தை லாட்ஜில் உட்காரவைத்துவிட்டு வருகிறவர்கள். பிராந்தி, பீர், வறுத்த மீன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொள்வார்கள். அவள் பார்த்துப் பார்த்துத் தயாரித்த காக்டெய்ல் பட்டியலை ஈரக் கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் பயன்படுத்தினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் சந்திரலேகா வந்தாள். சென்னைக்காரி. இன்ஸ்டாகிராமில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவள். ஜின்னும் டானிக்கும் கேட்டாள். டானிக் இல்லை. சிவப்ரியாவின் கைப்பையில் வீட்டுக்கென்று வாங்கிய நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று இருந்தது. பள்ளிவாசல் தெருவில் மன்சூர் அலி கடையில் வாங்கியது. ஜின்னில் அதைக் கொஞ்சம் விட்டாள். அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, நாலைந்து மிளகைத் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மேலே சோடாவை ஊற்றினாள்.

சந்திரலேகா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இதுக்கு என்ன பேருங்க?"

பெயர் எதுவும் இல்லை. பாட்டில் மேலே இருந்த லேபிள் கண்ணில் பட்டது. "மன்சூர்" என்றாள் சிவப்ரியா.

படம் இன்ஸ்டாகிராமில் ஏறியது. அடுத்த வாரமே புதுச்சேரியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ஆட்கள் வந்து அதே பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பஞ்சநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பானத்துக்கு ஒரு கதை வேண்டும் என்றார். அவரே உட்கார்ந்து எழுதினார். அந்தக் காலத்தில் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் கப்பலில் போன மன்சூர் என்ற மாலுமி, நடுக்கடலில் நோயில் கிடந்த கப்பல் தலைவனுக்கு நன்னாரியையும் ஜின்னையும் கலந்து கொடுத்துப் பிழைக்கவைத்தானாம். பட்டியலின் முதல் பக்கத்திலேயே அதை அச்சடித்தார்கள். சந்திரலேகா அதையும் படம் பிடித்துப் போட்டாள்.

சிவப்ரியா படித்துவிட்டுச் சிரித்தாள். கோவாவில் அவள் கலந்த பானங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். ஒரு ராணியோ தளபதியோ வரும் கதை இல்லாமல் அவை மேசைக்குப் போனதில்லை.

ஒருநாள் காலை, பார் திறக்கும் முன்பு, வெளியே யாரோ தேடுவதாகக் காவலாளி சொன்னார். கார் நிறுத்துமிடத்தில் மன்சூர் அலி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. உள்ளே கூப்பிட்டாள்.

"இல்லம்மா, இங்கயே நிக்கிறேன். நீங்கதான் கலக்குறீங்களா?"

"ஆமா பாய்."

"எங்கிட்ட வாரத்துக்கு ஆறு பாட்டில் வாங்குவீங்க. வீட்டுல நெறய ஆளு போலருக்குன்னு நெனச்சேன்."

அவர் போனை எடுத்து நீட்டினார். துபாயிலிருந்து மகன் ஷகீல் அனுப்பியிருந்த படம். கோப்பைக்குப் பின்னால் அவர் கடை பாட்டில், லேபிளோடு.

"வாப்பா, நம்ம சர்பத்தச் சாராயத்துல ஊத்துறாங்கன்னு புள்ள போன் பண்ணுறான். நாங்க தொடாத பொருளும்மா அது. சரி, கடையில வாங்குறவங்க வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுறாங்கன்னு நான் பின்னாடியேவா வர முடியும்? அத விடுங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க பாட்டனாரு நெசமாவே கப்பல்ல போனவரும்மா. சைகோன் வரைக்கும் போனவரு. அவரு பேருதான் எனக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வெளிய வர்றேன், ஒருத்தரு சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு, உங்க பாட்டனாரு வெள்ளக்காரனுக்கு ஊத்திக் குடுத்தாராமேன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"உங்க பாட்டனார் கப்பல்ல போனது எங்களுக்குத் தெரியாது பாய். பேரு நான் வச்சது. கதை முதலாளி சும்மா எழுதுனது."

"சும்மா எழுதுனதுதாம்மா. கேக்குறவனுக்கு அது தெரியலயே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்த சைக்கிளிலேயே போனார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பஞ்சநாதன் விஷயத்தைக் கேட்டுக் கொஞ்சநேரம் மோவாயைத் தேய்த்தார்.

"மன்சூரு வேணாம்னா, முசியேன்னு போட்டுடுவோம். பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம், கேக்க அதே மாதிரியும் இருக்கும்."

"சர்பத்து?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். வேற ஆள விட்டு வாங்கு. காசு குடுத்துத்தானே வாங்குறோம்?"

"நான் கலக்க மாட்டேங்க."

"என்ன சிவப்ரியா, ஒரு மனுசன் வந்து நின்னாருன்னு பேரு வாங்குன சரக்க நிறுத்துவாங்களா?"

"கதைய எடுத்துடுங்க. பேரையும் எடுத்துடுங்க. இல்லேன்னா ஆளு பாத்துக்குங்க."

சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. வேலை போனால் திரும்பவும் கோவாதான். அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் போகமுடியாது. பஞ்சநாதன் கோபமாக எழுந்து போனார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு கணக்குப் பார்த்திருப்பார் போல. அவர் வியாபாரம் பிராந்தியில்தான் ஓடுகிறது. புதுப் பட்டியல் அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் கதைக்குப் பதிலாக மீன் வறுவல் இருந்தது.

மன்சூர் அலியின் சர்பத் இல்லாமல் அந்தப் பானத்தைக் கலக்கலாமா என்று, அவள் நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் வாங்கி வீட்டில் காய்ச்சிப் பார்த்தாள். கசந்தது. வெல்லம் போட்டாள், மண்வாசம் தூக்கியது. மன்சூர் அலி கடை சர்பத்தில் வேறு ஏதோ இருந்தது. கேட்டால் சொல்வாரோ என்னவோ, அவள் கேட்கவில்லை. நன்னாரியையே விட்டுவிட்டாள்.

சந்திரலேகாவுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். அந்தக் கதை உண்மையில்லை, அதனால் ஒருவர் குடும்பம் சங்கடப்படுகிறது, எடுத்துவிடுங்கள். உடனே பதில் வந்தது. "எவ்ளோ அழகான கதைங்க! எதுக்கு எடுக்கணும்?" கூடவே ஒரு படம். சென்னையில் ஒரு பெரிய பாரின் பட்டியலில் மன்சூர் ஏறியிருந்தது. மாலுமிக்கு இப்போது தாடி வைத்துப் படமும் போட்டிருந்தார்கள். கப்பல் தலைவனுக்கு ஒரு பெயர்கூட வந்துவிட்டது.

அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் பள்ளிவாசல் தெருவுக்குப் போய் மன்சூர் அலியிடம் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யாருங்க இது, உங்க பாட்டனாரா?" என்றாள் கைருன்னிஸா. "உங்களவிட லட்சணமா இருக்காரே."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை.

"நம்ம எடத்துல எடுத்தாச்சு பாய். சென்னையில என் பேச்சு எடுபடாது."

"சென்னையில எங்க பாட்டனார யாருக்கும்மா தெரியும்? இங்க பள்ளிவாசல் வாசல்ல கேட்டாத்தான் எனக்கு வலிக்கும். நீங்க எடுத்துட்டீங்க. போதும்."

போதும் என்று அவர் சொன்னது அவளுக்குப் போதவில்லை. கதை இனி யாருக்கும் கட்டுப்படாமல் ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. விடைபெற்றுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

கோடையில் வேறொன்று கலந்தாள். வீட்டுக் கொல்லையில் காய்த்த புளிப்பான பிலிம்பிக்காயை நசுக்கி, வெள்ளை ரம்மில் போட்டு, பச்சைமிளகாய் ஒரு கீறல். நன்றாகவே வந்திருந்தது. முந்தையதைவிட நன்றாக என்றுகூட அவளுக்கு ஓர் எண்ணம். பட்டியலில் "பிலிம்பி ரம்" என்று மட்டும் போடச் சொன்னாள்.

ஒரு மாலை, நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் பட்டியலில் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது என்னங்க புதுசா இருக்கு? இதுக்கு எதாச்சும் கதை இருக்கா?"

"கதையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. புளிப்பா, கொஞ்சம் காரமா இருக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பீர் கேட்டார்.