நூறு மில்லிலீற்றர்

"தேத்தண்ணி எவ்வளவு குடிப்பியள்?"

"நீர் தாறது போதும்."

"அது அளவில்லையே. ஒரு அளவைச் சொல்லுங்கோ."

"அரைக் கப்."

கலியாணம் முடிந்த மறுநாட் காலை, புது மாப்பிள்ளைக் கூச்சத்தில் கதிர்காமநாதன் சொன்ன பதில் அது. வேறு பெண்ணென்றால் மறந்திருப்பாள். பாலேஸ்வரியோ பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிறவள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அவருக்குக் காலையில் நூறு மில்லிலீற்றர் தேத்தண்ணி கிடைத்து வந்தது. ஒரு சொட்டுக் கூடியதில்லை.

வெள்ளவத்தையில் அவர்களுடைய நாலாம் மாடிக் குசினியில் அவள் அளப்பதைப் பார்க்கவேண்டும். கண்ணாடி அளவுச்சாடியைக் கையில் தூக்கிப் பார்க்கமாட்டாள், சாய்ந்துவிடுமாம். மேசையில் வைத்து, கோடு கண்ணுக்கு நேரே வரும்வரை குனிவாள். நுரை அடங்கக் காத்திருப்பாள். நுரை கணக்கில் சேராது. அதற்குள் தேத்தண்ணி பாதி ஆறிவிடும்.

முதல் வருடம் கூச்சத்தில் அவர் வாய் திறக்கவில்லை. பத்தாம் வருடம், இனிச் சொன்னால் இவ்வளவு காலமும் புருஷனை அரைவயிற்றில் வைத்திருந்தேனா என்று உடைந்துபோவாளே என்று பயம். ஆகவே பேப்பர் வாங்கப் போகிறேன் என்று இறங்கி, காலி வீதியென்ற பெருந்தெருவில் ஸவாஹிரின் தேத்தண்ணிக் கடையில் ஒரு கிளாஸ் நிறையக் குடித்துவிட்டு வருவார்.

இந்த ஏற்பாட்டை முழங்கால் கெடுத்தது. ஒரு மாதம் படி இறங்கக்கூடாது என்றார் டாக்டர், லிப்ட்டும் பழுது. பேப்பரைக் கீழ்வாசலில் நிற்கும் வாச்சர் ஹெக்டர் கொண்டுவந்து தருவார் என்று பாலேஸ்வரி உடனே ஒழுங்கு செய்துவிட்டாள். மூன்றாம் நாள் அவருக்குத் தலையிடி. அவள் மல்லித்தண்ணி கொடுத்தாள், அறுபது மில்லிலீற்றர்.

சனிக்கிழமை காலை, பிளாஸ்க்கும் கையுமாக ஸவாஹிரே மூச்சிரைக்க ஏறி வந்தார். ஐயாவின் முதல் கிளாஸ் போகாமல் கடை திறந்தமாதிரியே இல்லை என்று பாலேஸ்வரியிடம் வெள்ளை மனதோடு சொல்லிக்கொண்டே கிளாஸில் ஊற்றினார். கதிர்காமநாதன் சுவரிலிருந்த கலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

 பாலேஸ்வரி கிளாஸை வாங்கி அளவுச்சாடியில் சரித்தாள். குனிந்தாள். நுரை அடங்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.

"நூற்றித் தொண்ணூறு."

பாலைச் சோதிக்கிறாள் என்று நினைத்த ஸவாஹிர், தன் கடைப் பாலில் ஒரு துளி தண்ணீர் கலப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, அவசரமாக விடைபெற்றார்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டாள்.

"இந்த வீட்டுக்கு வந்த நாளிலயிருந்து."

"என்ர தேத்தண்ணியில என்ன பிழை?"

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாளும் தளராத குரல் அது. இப்போது தளர்ந்தது. முழங்கால் வலி எம்மாத்திரம் என்று அவருக்குப் பட்டது. இதற்கும் ஒரு சாட்டுச் சொன்னால், தன் கைத் தேத்தண்ணி பிடிக்காமல்தான் போனார் என்று வாழ்நாள் முழுக்க நம்பிவிடுவாள்.

"ஒரு பிழையுமில்லை. கெதியா முடிஞ்சுபோறதுதான் கவலை," என்றார். பிறகு, கலியாணத்து மறுநாளிலிருந்து தொண்டையில் நின்றதை மெல்ல வெளியே விட்டார்.

"இஞ்சரும், எனக்குக் கப்பை நிரப்பித் தாரும்."