எனக்கென்று ஒரு ட்யூன்

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து காலால் செருப்பைத் தேடுவார்கள். என் கணவர் அப்போதுதான் வசதியாகச் சாய்ந்து உட்காருவார். அவருக்குப் படம் அங்கேதான் ஆரம்பம். வசனம் இல்லை, சண்டை இல்லை, மொத்த வாத்தியக் குழுவும் யார் தொந்தரவும் இல்லாமல் வாசிக்கிற நேரம் அது என்பார். தியேட்டரைப் பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு நின்று எங்களை முறைப்பாள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஆளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் வெட்கமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அவர் லிப்ட் மெக்கானிக். பின்னணி இசைப் பைத்தியம். பாட்டெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். வயலின்களும் செல்லோக்களும் ஹார்ன்களும் சேர்ந்து, ஒரு வார்த்தைகூட இல்லாமல் கதை சொல்ல வேண்டும். எந்த நாட்டுப் படமானாலும் சரி, பேசுவது புரியாவிட்டால் இன்னும் நல்லது. லிப்ட் ஏறி இறங்குகிற அந்த இருட்டுக் குழிக்குள் நின்று வாயால் ட்ரம்பெட் வாசித்தால் நிஜ ட்ரம்பெட் தோற்றுப்போகும் என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். ஒரு கட்டடத்தில் சுவருக்குள் யாரோ முனகுகிறார்கள் என்று புகார் வர, அதையும் பார்த்துவிட்டு வரும்படி கம்பெனியில் இவரையே அனுப்பினார்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறித்தான் வருவார்.

படத்தில் முக்கியமான ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு ட்யூன் இருக்கும், அந்த ஆள் வரும்போதெல்லாம் அது வரும், சந்தோஷத்தில் வேகமாக, துக்கத்தில் மெதுவாக. இதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். என் அக்காவுக்கு எதிரிப் படை வருகிற ட்யூன். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் உள்ளே உதட்டை மூடிக்கொண்டு முரசு அடிக்க ஆரம்பிப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓட வேண்டும். மகளுக்கு, தாவித் தாவி ஓடுகிற ஒரு க்ளாரினெட். அவருடைய மேலாளருக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஓபோ, நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மெல்லிய குழல். ஒரு பழைய கப்பல் படத்தில், கப்பல் டாக்டரின் மனைவிக்கு வருகிற ட்யூன். நான்கைந்து சுரம் தயங்கித் தயங்கி மேலே ஏறும், கடைசிச் சுரத்தில் இறங்காமல் நிற்கும். "ஏன் எனக்கு இது" என்று கேட்டேன். "கேள்வி கேட்டுட்டு இடுப்புல கை வச்சு நிப்பியே, அது மாதிரி இருக்கு" என்றார்.

அந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"படத்துல அவ வர்றதே ரொம்பக் கொஞ்சம். ஆனா படம் பூரா அவதான். எப்படின்னு சொல்லு."

"எனக்கென்ன தெரியும், நான் பாதியில தூங்கிட்டேன்."

"அவ ஊர்ல இருக்கா. இவன் நடுக்கடல்ல உட்கார்ந்து சட்டைக்கு பட்டன் தைக்கிறான். அவளைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. ஓபோ மட்டும் வருது. உடனே அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது நமக்குத் தெரியுதா இல்லையா? ஆள் இருக்கும்போது ட்யூன் போடறது சாதாரண வேலை. ஆள் இல்லாதப்போ போட்டு ஆளைக் கொண்டுவரணும். அதுதான் வித்தை."

"அப்படின்னா நான் எதுக்கு, ட்யூனே போதுமே" என்பேன். ரசிகனிடம் எதையாவது குத்திச் சொன்னால்தான் பேச்சு முடியும்.

வேலை முடிந்து வரும்போது அதை விசிலடித்துக்கொண்டே படியேறுவார். இரண்டாவது மாடியில் கேட்க ஆரம்பிக்கும். அவர் வந்து நிற்பதற்குள் நான் தாழ்ப்பாளைத் திறந்திருப்பேன். அது என் ட்யூன் என்று அவர் சொன்னாலும், எனக்கு அது அவர் வருகிற சத்தம்தான்.

நோய் வந்தது தெரியவே இல்லை. வயது அறுபதுகூட ஆகவில்லை. ஒரு நாள் நடுவில் நின்றுபோன லிப்டைச் சரிசெய்யப் போனார். கதவைத் திறந்து உள்ளே இறங்கியவர், மாட்டிக்கொண்டிருந்தவர்களோடு தானும் சேர்ந்து உட்கார்ந்து, மெக்கானிக் வரட்டும் என்று காத்திருந்தார். சாமான் பெட்டி மடியில் இருந்தது. கேலி செய்கிறார் என்று முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

"இதுல குணமாகறதுன்னு ஒண்ணு இல்லம்மா" என்றார் டாக்டர். "மெதுவா இறங்குதா, வேகமா இறங்குதாங்கறதுதான்."

அவர் ஞாபகத்திலிருந்து முதலில் அக்கா போனாள், பிறகு பக்கத்து வீட்டார். ஒரு நாள் மகள் தொலைபேசியில் "அப்பா" என்றதும், "தப்பான நம்பரும்மா" என்று மரியாதையாக வைத்துவிட்டார். அவள் வெளியூரில் இருந்துகொண்டு அழுதாள். நான் அழவில்லை. எல்லோரும் போகட்டும், என்னைத் தெரிந்தால் போதும் என்று கல்நெஞ்சத்தோடு நினைத்தேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பிரேமின் காதுப் பகுதியைச் சூடுகாட்டி வளைப்பது, மூக்கில் உட்காரும் இடத்தைச் சரிசெய்வது, அழுகிற குழந்தைக்கு முதல் கண்ணாடியை மாட்டிவிடுவது. ஒரு மாலை கடையிலிருந்து வந்தபோது அவர் திருப்புளியை நீட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். "யார் வேணும்?" என்றார். என் முகத்தைத்தான் பார்த்தார், கண்ணில் ஒன்றுமே இல்லை. நான் என்னென்னவோ சொன்னேன். திருப்புளி இறங்கவில்லை. எனக்கு விசிலடிக்க வராது. வேறு வழி தெரியாமல் அந்த ஓபோவை முனகினேன். கேவலமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் முகம் தெளிந்தது. "வந்துட்டியா" என்றார். "சுரம் தப்பு."

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. மகளிடம் சொன்னேன். அவள் அந்தப் படத்தின் இசையைத் தேடி, என் ட்யூன் வருகிற இடத்தை மட்டும் வெட்டி, என் போனில் போட்டுக் கொடுத்தாள். ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கி அனுப்பினாள், அதை அவர் அறையில் வைத்தேன். வாசலுக்கு வந்ததும் போனை அழுத்துவேன், உள்ளே ஓபோ கேட்கும், பிறகு நான் கதவைத் திறப்பேன். படத்தில் வருவதுபோலவே. ஒவ்வொரு மாலையும் "வந்துட்டியா" கிடைத்தது. நோயை ஏமாற்றிவிட்டோம் என்றே நம்பினேன்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருந்தேன். முப்பது வயதுக்காரி, பொறுமைசாலி. "அக்கா, ஐயா குளிக்கவே மாட்டேங்கறாரு, என்னைத் தொடவிட மாட்டேங்கறாரு" என்று ஒரு நாள் கையைப் பிசைந்தாள். அவர் நகம் பட்டு அவள் கையெல்லாம் கீறல். நான்தான் சொன்னேன், அந்த ட்யூனைப் போடு என்று. அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். அவர் குழந்தைபோல் எழுந்து குளிக்கப் போனாராம். சாப்பிடவும் அதுவே, மாத்திரைக்கும் அதுவே. "ஐயா இப்பல்லாம் தங்கம்க்கா" என்றாள். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடையில் மின்சாரம் போய், சீக்கிரமே கதவைச் சாத்தினார்கள் ஒரு நாள். நான் படியேறும்போதே ஓபோ கேட்டது. உள்ளே அவரும் அந்தப் பெண்ணும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவர் கப்பல் படத்தை விளக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளாக அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. "இவன் பட்டன் தைக்கிறான். அவளைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது..."

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "யாரு நீங்க?"

"நான்தாங்க."

"இவங்க யாரு, கேளு" என்று அவளிடம் சொன்னார். அவள் பதறிப்போய்க் கையை உருவப் பார்த்தாள். அவர் விடவில்லை. "ஐயா, இவங்கதான் அக்கா, உங்க வீட்டுக்காரங்க" என்றாள்.

நான் அவசர அவசரமாகப் போனை அழுத்தினேன். ட்யூன் மறுபடி முதலிலிருந்து ஏறியது. அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்து, அந்தப் பெண் பக்கம் திரும்பியது.

"கேட்டியா" என்றார் அவளிடம். "உன்னோடது."

அவள் பாவம், அழுதுவிட்டாள். அவர் மனதில் இருக்கிற நான் அவள் வயதுக்காரி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நரைத்த தலைக்காரி எங்கிருந்து வந்தாள் என்று அவருக்கு எப்படித் தெரியும். அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் அன்று அவள் கழுவி வைத்த தட்டுகளை நான் மறுபடி கழுவினேன்.

ட்யூனை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நானே போட்டுவிட்டேன்.

"அப்பா சந்தோஷமா இருக்காரு இல்லம்மா, அது போதாதா?" என்றாள் மகள்.

"உனக்குப் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெற்ற பெண்ணிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்குப் போதவில்லை.

கடைசியாக ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். கல்யாணத்தின்போது நான் ஒரு வட்டக் கண்ணாடி போட்டிருப்பேன், கெட்டியான பழுப்பு பிரேம். கடையின் பின்னறையில், விற்காமல் கிடக்கிற பழைய சரக்குப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அச்சு அசலாக ஒன்று கிடைத்தது. என் பவருக்குக் கண்ணாடி வெட்டி, சூடுகாட்டி, என் காதுக்கு நானே வளைத்தேன். தலைக்குச் சாயம் பூசினேன். அந்தக் காலத்தில் போல் நடு வகிடு எடுத்தேன். அந்தப் பெண்ணைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ட்யூனைப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போவதுபோல் உள்ளே போனேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து கிட்டே வந்து, பிரேமின் ஓரத்தை விரலால் தொட்டார். அந்த விரலின் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பொண்டாட்டியும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கா. எங்க திருடின?" என்றார்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், கொடுத்துவிட்டேன். அதைத் தன் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்தார், அதற்கு உரியவள் வந்ததும் கொடுப்பதற்கு. அன்றிலிருந்து என் தலை தெரிந்தாலே கூச்சல். கையில் கிடைத்ததை எறிகிறார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அக்கா வந்து, விடுதி ஒன்றில் சேர்த்துவிடு என்று சொல்லிப் போனாள். அவளுக்கு முரசு அடிக்கவும் ஆள் இல்லை.

இப்போது ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறேன். மாலையில் அந்தப் பெண் சாப்பாட்டுத் தட்டை அவர் அருகே வைத்துவிட்டு, எதிரில் ஒரு நாற்காலியையும் போட்டுவிட்டுக் கிளம்புவாள். நான் அவர் கண்ணில் படாமல் சமையலறைக்குள் நுழைந்து, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, போனை அழுத்துவேன். ஓபோ தயங்கித் தயங்கி ஏறும்போது என் கை இன்றைக்கும் தாழ்ப்பாளைத் திறக்க எழுகிறது, அவர் படியேறி வருகிறார் என்று. அடுத்த நொடி எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

அந்த ட்யூன் ஓடும்போது அவர் கண்ணுக்கு அந்தக் காலி நாற்காலியில் நான் இருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து யார் பதில் சொன்னாலும் அவருக்கு அது நாற்காலியில் இருக்கிற நான்தான். இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், அவர் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார், தட்டிலிருப்பதை எடுத்து நாற்காலிப் பக்கம் நீட்டுகிறார், பிறகு தானே சாப்பிடுகிறார். மாத்திரை வேலை செய்து அவர் தூங்கிய பிறகு நான் உள்ளே போய், நீட்டியதில் கீழே விழுந்ததைப் பொறுக்கிவிட்டு, போர்வையை இழுத்துவிடுவேன். என் வீட்டில் எனக்கு இருக்கிற இடம் இவ்வளவுதான். இது மாறப்போவதில்லை என்றும் தெரியும்.

நேற்றும் அப்படித்தான். "வந்துட்டியா" என்றார் நாற்காலியைப் பார்த்து.

"வந்துட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கப்பலைப் பற்றிச் சொன்னார். பிறகு முன்னால் குனிந்து, ரகசியமாகப் பேசினார்.

"அந்தப் பொம்பள இன்னமும் வர்றா."

"எந்தப் பொம்பள?"

"உன்ன மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வருவாளே, அவதான். எதையாவது எடுத்துட்டுப் போகப் பார்க்கறா. நீ பயப்படாத, நான் இருக்கேன். கதவை மட்டும் நல்லா பூட்டிக்கோ."

"பூட்டிட்டேங்க" என்றேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. அவர் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.