கதவு பிடிக்க ஓர் ஆள்

"திங்கக்கிழமைல இருந்து கம்பெனிக்கு வரலன்னு சொல்லிடும்மா," என்றார் மாமனார் ரத்தினசாமி. துண்டை உதறிக் கொடியில் போட்டபடி, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

மடித்துக்கொண்டிருந்த புடவையை ஜாஸ்மின் கீழே வைத்தாள். "எதுக்கு மாமா?"

"உங்க அத்தைக்குக் கதவு புடிக்க ஆள் வேணாமா?"

அவ்வளவுதான் காரணம். அத்தை சலோமி முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். அவர் அறையின் வாசல் நிலை லேசாகச் சாய்ந்திருந்ததால், கதவு திறந்த இடத்தில் நிற்காது. தானாக வந்து வாக்கரை இடிக்கும். செங்கல் வைத்துப் பார்த்தார்கள். வாக்கரின் கால் அதில் மாட்டி, அத்தை விழப் பார்த்தார். லீவு போட்டு இத்தனை நாள் கதவைப் பிடித்தவள் ஜாஸ்மின்தான்.

"தரையில ஒரு ஸ்டாப்பர் அடிச்சா முடிஞ்சுது மாமா."

"அந்த கிரானைட்ல ஓட்டையா? தோல் டேனரில ரிட்டயர் ஆனதும் நான் நின்னு போட்ட கல்லு. விரிசல் உட்டா யாரு பதில் சொல்றது?"

கணவன் ஆல்வின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பேசும்போதெல்லாம் அவனுக்கு போனில் அவசர வேலை வந்துவிடும்.

ஓட்டையே போடாமல் நிறுத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள் ஜாஸ்மின். மாதனூரில் பஸ் ஏறி அவள் வேலைக்குப் போவது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு. அங்கே சோல் ஒட்டும் செக்‌ஷன். ஒட்டுகிற விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. கடைத்தெருவில் காந்த ஸ்டாப்பர் ஒன்றும் ஷூவுக்குப் போடும் பேஸ்ட் டப்பா ஒன்றும் வாங்கி வந்தாள். ஸ்டாப்பரின் அடியிலும் கல்லிலும் பிரஷ்ஷால் பேஸ்ட் தடவினாள். காயவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டி, வைத்து அழுத்தி, மேலே அரிசி மூட்டையை ஏற்றினாள். ஸ்டாப்பரோடு வந்த இரும்புத் தகட்டைக் கதவின் அடியில் ஸ்க்ரூ போட்டு மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் எல்லார் முன்னாலும் கதவைத் திறந்தாள். காந்தத்தில் ஒட்டிக் கதவு நின்றது. அத்தை சிரித்தார். மூடிப் பார்க்கலாம் என்று இழுத்தபோது, ஸ்டாப்பரும் கதவோடு சேர்ந்து வந்துவிட்டது.

"உங்க கம்பெனி ஷூவும் இப்டித்தானா?" என்றார் ரத்தினசாமி. "வாங்குற வெளிநாட்டுக்காரன் பாடு பேஜார்தான்."

ஜாஸ்மின் ஸ்டாப்பரின் அடியைக் குனிந்து பார்த்தாள். தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. தோலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் பேஸ்ட் பிடிக்காது என்று, செக்‌ஷனுக்குப் புதிதாக வரும் பெண்களிடம் தினமும் கத்துகிறவள் அவள். இங்கே முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட கல்லில் அப்படியே தடவியிருக்கிறாள். அந்தப் பாலிஷைச் சுரண்டி அசிங்கமாக்குவதைவிட ஓட்டையே மேல்.

"ஏங்க, உங்க தோஸ்த் தபரேஸ்கிட்ட டிரில்லிங் மெஷின் இருக்குதில்ல? வாங்கினு வாங்க."

"அப்பா வேணாம்ன்றாரே."

"அப்ப நாளைக்கு நீங்க லீவு போட்டுக் கதவு புடிங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

ஆல்வின் அவள் முகத்தைப் பார்த்தான். பெண் பார்க்கப் போன அன்று, 'வேலையை விடமாட்டேன், சம்மதம்னா சொல்லுங்க' என்று எல்லார் முன்னாலும் சொன்ன முகம் அது. அந்த முகத்துக்காகத்தான் அன்றைக்கு அவன் சம்மதம் என்றான். பைக் சாவியை எடுத்தான்.

மெஷினோடு அவன் திரும்பியபோது, ஜாஸ்மின் பென்சிலால் குறி போட்டிருந்த இடத்தின் மேலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ரத்தினசாமி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப போடு ஓட்டைய, பாக்கலாம்."

 ஜாஸ்மின் கதவை முழுக்கத் திறந்து அவர் முழங்கால் வரைக்கும் கொண்டுபோய், அவரே பிடித்துக்கொள்ளும்படி கைப்பிடியை அவர் கையில் கொடுத்தாள்.

"அத்தை, வாங்க. வழி இருக்குது."

அத்தை வாக்கரை ஊன்றி ஊன்றி வெளியே வந்தார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் நிக்குது கதவு. இன்னாங்க, அசையாதீங்க, நான் திரும்பி வரணும்."

"இப்டியே இருங்க மாமா," என்றாள் ஜாஸ்மின். "சாப்பாடு இங்கயே கொண்டாந்து தர்றேன். நாளைக்கும் இங்கயே உக்காருங்க. கதவு புடிக்க ஆள் வேணும்னீங்க. அது பொம்பளயாத்தான் இருக்கணும்னு இல்லயே."

ஆல்வின் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தை வேண்டுமென்றே இன்னொரு நடை போய் வந்தார். ரத்தினசாமியின் போன் அடித்தது. டீக்கடையிலிருந்து அவர் கூட்டாளி அப்துல் சமத். "வர்றேன், வர்றேன்," என்றவர் எழுந்து, நாற்காலியைக் காலால் தள்ளினார்.

"கல்லு வெடிச்சா?"

"வெடிச்சா வேற கல்லு போடுறேன். என் சம்பளத்துல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டிரில் பிட் வழுக்காமலிருக்கக் குறியின் மேல் டேப் ஒட்டினாள் ஜாஸ்மின். ஆல்வின் ஸ்பூனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட, அவள் அவசரப்படாமல் மெஷினை அழுத்தினாள். கறுப்புச் சேறு பொங்கியது. துடைத்துப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. ஓட்டையில் பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, ஸ்டாப்பரை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினாள். பிறகு கதவைத் திறந்து மாட்டி, பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். கதவுதான் காந்தத்தை விட்டு வந்தது. ஸ்டாப்பர் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ரத்தினசாமி பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து வாக்கர் சத்தம் யாருடைய துணையும் இல்லாமல் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"சாயந்தரம் எத்தினி மணிக்கு வருவ?" என்றார், பேப்பரிடம்.

"ஓவர்டைம் இருந்தா லேட்டாவும் மாமா. கொழம்பு வெச்சிட்டேன். சோறு நீங்க வடிச்சிடுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள்.