இணைந்துள்ள சாதனம்: ஒன்று

...மறுபடியும் அதே வரி, ‘இணைய முடியவில்லை’, ஏன் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும், நேற்று முடிந்ததே, இதே விறகுக் கொட்டகையில், இதே பிர்ச் மரக் கட்டையின் மேல் உட்கார்ந்து... போனில் ஹாட்ஸ்பாட் போட்டாயிற்று, லேப்டாப்பும் ‘ரன்வைக்கின் போன்’ என்று அவள் பெயரைக் காட்டுகிறது, காட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகிறது. மணி பதினொன்று முப்பத்தெட்டு. பன்னிரண்டுக்குள் கையெழுத்திட்டு அனுப்பியாக வேண்டும், ஈஸ்டருக்கு முந்தின புதன், நண்பகலோடு நாடே கதவைச் சாத்திக்கொண்டு மலையேறிவிடும், அப்புறம் அந்த வாட்சோ அலுவலகத்தில் போனை எடுக்க ஈ காக்கை இருக்காது. போனிலேயே அனுப்பலாமென்றால் அந்தப் படிவம் போனில் வெறும் வெள்ளையாகத்தான் விரிகிறது. ரன்வைக் எழுந்து ஒரு கட்டையைப் பிளந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டையாவது பிளந்தால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் ஹல்வாருக்குச் சந்தேகம் வராது.

வாட்சோ, நாட்டின் வடக்கு நுனி, ஆறுகளின் நீர்மட்டம் அளக்கும் அலுவலகத்துக்கு, வேலையை ஏற்றுக் கையெழுத்திட்டால், அவள்தான் தலைவி, பத்தொன்பது வருடம் தெற்கே டிராம்மனில் இன்னொருவர் சொல்லச் சொல்ல அளந்ததற்குப் பிறகு... கட்டிய புருஷன் ஹல்வாரிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள், காரில் வரும்போது, முந்தாநாள் சாப்பாட்டில், அவன் ஆரஞ்சு உரித்து அவள் பக்கம் நகர்த்தியபோது, அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னால் செய்தி, போடாமல் சொன்னால் சண்டை. குளிரென்றாலே அலறுகிறவன், அவன் எங்கே வாட்சோவுக்கு வரப்போகிறான்? சரி, போனை ஒருமுறை அணைத்துப் போடு. போட்டாள். லேப்டாப்பில் கடவுச்சொல்லை அழித்து, மரத்துப்போன விரலால் மறுபடி அடித்தாள். முடியவில்லை. லேப்டாப்பையே அணைத்துத் திறந்தாள், அது புதுப்பிக்கிறேன் என்று நான்கு நிமிடத்தைத் தின்றது, பாவி, இன்றைக்கா உனக்கு அலங்காரம்? இந்த விடுமுறைக் குடிசைக்குள் போன் எல்லாம் கேக் டப்பாவில், கணினி வாசற்படி தாண்டக்கூடாது, பனிச்சறுக்கும் துப்பறியும் நாவலும் மட்டும்தான் என்று பத்து வருடத்துக்கு முன் சட்டம் போட்டது யார்? அவளேதான். சட்டம் போட்டவளே ஆரஞ்சுப் பெட்டிக்கு அடியில் லேப்டாப்பை ஒளித்துக்கொண்டு வந்தாள், பனிச்சரிவு எச்சரிக்கை பார்க்கணும் என்று போனை டப்பாவிலிருந்து எடுத்தாள். ஹல்வாரோ ஆட்டுக்குட்டி மாதிரி அத்தனைக்கும் கீழ்ப்படிகிறான், அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

போன் அமைப்புகளில் இதுவரை தொடாத ஒரு பக்கம். ‘அதிகபட்ச சாதனங்கள்: ஒன்று’. ஓ... போன குளிர்காலத்தில், ரயிலில், அவள் போனில் தன் லேப்டாப்பை இணைத்துக்கொண்டு ஹல்வார்தான் அப்படி வைத்தான், “ஒண்ணுக்கு மேல விட்டா உன் பேட்டரிதான் போகும்.” சரி, ஒன்று, அந்த ஒன்று நான்தானே, பின்னே ஏன்... அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘இணைந்துள்ளவை: ஹல்வாரின் லேப்டாப்’. படித்தாள். திரும்பவும் படித்தாள். பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூசும் மெழுகுப் பெட்டி! வண்டியிலிருந்து இறக்கும்போது, “குடு, நான் தூக்குறேன்” என்றதற்கு, “வேணாம், சறுக்கு மெழுகு, கொட்டிடும்” என்றானே, கல் மாதிரி இறுகிக் கிடக்கும் மெழுகு எங்கே கொட்டும்? காலையில், “தலை வலிக்குது, நீ போ, நான் கொஞ்சம் படுக்கிறேன்.” நேற்று அவன் சறுக்கப் போயிருந்தான், அதனால்தான் நேற்று முடிந்தது, இன்று ஹாட்ஸ்பாட் போட்டதுமே பழகிய அவன் லேப்டாப் முந்திக்கொண்டது. ஆட்டுக்குட்டியாம்! கோபம் வந்தது, பாதியில் சிரிப்பும் வந்தது. அவன் பெயர் மேல் விரல் வைத்தால் ‘துண்டிக்கவா?’ என்று கேட்கிறது, ஒரு தட்டு போதும். ஆனால்... அவன் திரையிலும் அவள் பெயர் தெரிந்திருக்குமே? ரன்வைக்கின் போன் என்று. விறகு பிளக்கிறவளுக்கு ஹாட்ஸ்பாட் எதற்கு என்று யோசிக்காமலா இருப்பான்? கோடரிச் சத்தம் நின்று எவ்வளவு நேரமாகிறது, ஏன் ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை?

பதினொன்று ஐம்பத்துமூன்று. நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான்.

“ஹல்வார்! இன்னும் எவ்வளவு நேரம்?”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“ரெண்டே நிமிஷம்,” என்றான். தூக்கக் குரல் இல்லை.

எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, எதைக் கேட்கிறாய் என்று அவனும் கேட்கவில்லை. ஐம்பத்தாறுக்கு அவன் பெயர் மறைந்தது, லேப்டாப் சமர்த்தாக இணைந்துகொண்டது, படிவம் விரிந்து கையெழுத்துக் கட்டத்தில் வந்து நின்றது. இதற்காகத்தானே இத்தனை பாடு, போடு, போட்டுத் தொலை... விரல் நகரவில்லை. எல்லாரும் பன்னிரண்டுக்கு மூடுகிறார்கள் என்றால், அதற்குள் முடித்தாக வேண்டிய எதை அவன் இவ்வளவு அவசரமாக அனுப்பினான், யாருக்கு?