வாசல் சோதனை

"அக்கா, கொஞ்சம் கால்மாட்டுப் பக்கம் தள்ளுங்க. ஐயாட சால்வை மறையுது" என்றான் ஸ்டூடியோ முத்தலிப்.

இலட்சுமி தள்ளி நின்றாள். தம்பியின் தலைமாட்டில் அவள் நின்ற இடத்துக்குச் சுந்தரலிங்கத்தின் ஜரிகைச் சால்வை வந்து சேர்ந்தது. அதற்குள் சுந்தரலிங்கமும் இருந்தார்.

சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று கடைசிப் படம் எடுக்காமல் யாரையும் அனுப்பிவைக்க முடியாது. ஆனால் பழனிமுத்துவுக்குக் குடும்பம் என்று இருந்தது இந்த அக்கா ஒருத்திதான். அவனும் கல்யாணம் கட்டவில்லை, அவளும் கட்டவில்லை. படம் வெறிச்சென்று இருக்குமே என்று முத்தலிப் கவலைப்பட்டபோது சுந்தரலிங்கம் பெருமனதோடு முன்வந்தார். சமாதான நீதவான், கோயில் சபைத் தலைவர், மரண உதவிச் சங்கத் தலைவர், 'சமூகஜோதி' பட்டம் பெற்றவர். அலுவிகாரையிலிருந்து மாத்தளை டவுன் வரை எந்த இடம் காலியானாலும் அதை நிரப்ப அவர் தயங்கியதில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க. ஆடாதீங்க."

எல்லாரும் பார்த்தார்கள். பழனிமுத்து மட்டும்தான் கமராவைப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக அவன் எடுத்த படங்களில் இருந்தவர்களும் அப்படித்தான், ஒருவர்கூட கமராவைப் பார்த்ததில்லை.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. இலட்சுமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அவள் அழவும் இல்லை. வந்திருந்த பெண்கள் அடிக்கடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒப்பாரியைத் தொடங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மிளகும் கிராம்பும் வாங்கும் கடையில் பழனிமுத்துவுக்குக் கணக்குப்பிள்ளை வேலை. வேலை முடிந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புஹாரியின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிடுவான். வில்கமுவ பஸ்ஸுக்காகச் சனம் காத்திருக்கும், அந்தச் சனத்துக்காக அவன் காத்திருப்பான். ஒருதரம், ஒரு கையில் கோழியும் மறுகையில் குழந்தையுமாக ஏறப்போன ஒருவர், கோழியைக் கொடுப்பதாக நினைத்துக் குழந்தையைக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டார். கண்டக்டர் அதைக் காலைப் பிடித்து வாங்கப்போன அந்தக் கணம் பழனிமுத்துவின் கமராவுக்குள் விழுந்தது. "பொறுமை நம்ம கையில இருக்கு. அதிர்ஷ்டந்தான் றோட்டைக் குறுக்க கடந்து வரணும்" என்பான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடந்து வந்தது வேறொன்று. மண்மூட்டைக்குப் பின்னால் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன், தன் பிஸ்கட்டை ஒரு சொறிநாய்க்குப் பாதி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பழனிமுத்து அதை எடுத்தான். அவனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நாயைத்தான் எடுத்தேன் என்று எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை. அது எந்த இயக்கத்து நாய் என்று கேட்காததுதான் குறை. இலட்சுமி சுந்தரலிங்கத்தின் வாசலில் போய் நின்றாள், நல்லவன் என்று ஒரு வார்த்தை வந்து சொல்லச் சொல்லி. ஐயாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். பழனிமுத்து வெளியே வரும்வரை அந்தக் காய்ச்சல் இறங்கவில்லை.

அடிவாங்கிய இடது காது செவிடாகித் திரும்பி வந்தவன் வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். அன்றைக்கு இலட்சுமி கமராவைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அவன் சோறு தின்னவில்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கமராவைக் கொண்டுபோகலாம், உள்ளே பிலிம் றோல் இருக்கக் கூடாது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் படியிறங்கும் முன் அவள் கமராவை வாங்கிப் பின்மூடியைத் திறந்து பார்ப்பாள். ஏ-நைன் றோட்டில் இருந்த எந்தச் சோதனைச் சாவடியிலும் அவ்வளவு கறாரில்லை. வெறுமையாக இருந்தால் மூடிக் கையில் கொடுப்பாள். அவன் "போயிட்டு வாறேன்க்கா" என்பான்.

அதையேதான் இப்போது அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயத்துக்காக அவன் நாலு வருஷம் வெறும் டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் விழாது என்று தெரிந்தே, கண்ணை வைத்து வைத்து அமுக்கியிருக்கிறான். நேற்று அதே வாங்கில்தான் அவன் உயிர் போனது. அசையாமல் உட்கார்ந்திருப்பது அவனுடைய வழக்கம் என்பதால் ஊருக்குச் சந்தேகம் வரவில்லை. முதல் தேத்தண்ணி ஆறிப்போனது. ரெண்டாவதும் ஆறிய பிறகுதான் புஹாரி தோளைத் தொட்டுப் பார்த்தான்.

சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அன்னார் ஒரு மாபெரும் கலைஞர். அன்னாருக்கு ஓர் இன்னல் நேர்ந்தவேளை, அடியேன் இரவுபகல் பாராது முன்னின்று மீட்டெடுத்தேன் என்பதை இச்சபை அறியும்..."

சபை நிலத்தைப் பார்த்தது. அன்னாரிடமிருந்து மறுப்பு வரவில்லை.

"இலட்சுமி அக்கா, தம்பி ஆசையா வச்சிருந்த சாமானை அவரோடயே அனுப்பிருங்க. அந்தக் கமரா" என்றார் சுந்தரலிங்கம்.

யாரோ கமராவைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்கள். நேற்று வாங்கிலிருந்து அவனோடு வந்தது. பட்டி கழுத்து வேர்வையில் கறுத்திருந்தது. அவள் வாங்கினாள். கமரா கைக்கு வந்தால் பெருவிரல் என்ன செய்யுமோ அதைச் செய்தது. பின்மூடி திறந்துகொண்டது.

உள்ளே றோல் இருந்தது.

"அக்கா! மூடுங்க, மூடுங்க! வெளிச்சம் பட்டிரும்!" வாசலில் நின்ற புஹாரி செருப்போடு உள்ளே பாய்ந்தான்.

அவள் மூடினாள். பெட்டியைச் சுற்றி நின்ற யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"றோல் எப்புடி உள்ள வந்துச்சு?" என்றாள் இலட்சுமி.

புஹாரி பழனிமுத்துவைப் பார்த்தான். அங்கே அனுமதி கிடைத்தது போலத்தான் பேசினான்.

"எங்கட கடையிலதான் போடுவாரு அக்கா. சீனி மூட்டைக்குப் பின்னால நிண்டு. வீட்டுக்கு வாறத்துக்கு முந்தி கழட்டிருவாரு. பத்துப் படம் எடுத்திருந்தாலும் சுத்திக் கழட்டித்தான். பாதி றோல் வீணாப்போகுதேண்டு கேட்டா, 'அக்காக்குப் பயம், அவ நிம்மதியா இருக்கட்டும்'பாரு. நேத்துத்தான்... கழட்டக் கிடைக்கல்ல."

"நாலு வருஷமாவா?"

"பிஸ்கட் டின் நிறைய றோல் ஈக்குது. கழுவல்ல. முத்தலிப்புட்ட குடுத்தா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தெரியுமாம்."

முத்தலிப் அதை மறுக்க வாயெடுத்தான். பிறகு விட்டுவிட்டான்.

"களவாணிப் பய" என்றாள் இலட்சுமி. தோள் குலுங்கியது. அவள் சிரித்தாள். காத்திருந்த பெண்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, அப்பாடா என்று ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் எது சிரிப்பு, எது அழுகை என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முத்தலிப் அவள் காதருகே குனிந்தான். "சட்டுண்டு மூடினது நல்லம் அக்கா. உள்ளுக்குச் சுத்தினதுல கொஞ்சம் தப்பியிருக்கும். இன்னும் நாலஞ்சு படத்துக்கு இடமும் ஈக்கும்."

"அப்ப கமரா பெட்டிக்குள்ள போகாது" என்றாள்.

தப்புப் பறை முழங்கப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் படிவரைதான். கொஞ்ச நேரம் வீட்டைக் கழுவினார்கள், வாளியைக் கவிழ்த்தார்கள், "தனியா இருந்துக்கிருவீங்களா?" என்று கேட்டார்கள். பதில் வரும்முன்பே செருப்பைத் தேடினார்கள். அடுப்படியில் ரெண்டு பீங்கான் கோப்பை கவிழ்த்தபடி இருந்தது. இனி ஒன்று போதும்.

இலட்சுமி கமராவோடு கதவோரம் வந்து நின்றாள். றோட்டுக்குக் குறுக்கே கட்டிய வெள்ளைக் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. தப்புச் சத்தம் வளைவுக்கு அப்பால் போய்விட்டது.

முழங்கால் வலியால் ஊர்வலத்தோடு நடக்க முடியாத சுந்தரலிங்கம் த்ரீவீலுக்காக எதிரே மதகில் உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு யாரும் இல்லை என்று நினைத்தார். சால்வையைக் கழற்றினார். நாலாக மடித்து மடியில் வைத்தார். சால்வை இல்லாமல் அவர் சின்ன ஆளாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் தம்பியோடு ஒரே வாங்கில் இருந்த அந்தப் பையனின் காது அவரிடம் இன்னும் அப்படியே இருந்தது. திடீரென்று அந்தச் சால்வையை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டார். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

இலட்சுமி கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். தம்பி செய்வதைப் போலவே றோலை நகர்த்தும் நெம்பைத் தள்ளினாள். கொஞ்சம் பொறுத்தாள். ஒரு நாய் எங்கிருந்தோ வந்து அவருடைய காலை மோந்து பார்த்தது. அவர் குனியாமலே, பார்க்காமலே, அதன் தலையில் கையை வைத்தார்.

டிக்.

அவர் நிமிரவில்லை. அவள் கமராவை இறக்கினாள். பழக்கத்தில் பெருவிரல் பின்மூடியின் கொக்கிக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு விரலை எடுத்துவிட்டு, பட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.